பெல் அடித்துப் பார்த்த படகு

படகு லாரியில் வந்தது. ஆற்றில் வர வேண்டியது ரோட்டில் வந்தால் தெருவே வேடிக்கை பார்க்காமல் என்ன செய்யும்? ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் சந்தில் லாரி பின்பக்கமாக நுழைந்து, கரண்டு கம்பத்தை உரசி, ஒரு வீட்டு முருங்கைக் கிளையை ஒடித்து, எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனையில் அதை இறக்கிவிட்டுப் போனது. இருபத்திரண்டு அடி நீளம். இரும்பு உடம்பு. மேலே ஃபைபர் கூரை போட்ட சின்ன அறை, அதற்குள் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, முன்னால் ஒரு ஸ்டியரிங். ஒரு காலத்தில் ஆற்றில் நீர்மட்டம் பார்க்கப் போகும் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு திரிந்த படகாம். பிறகு கழித்துக் கட்டப்பட்டு, பழைய இரும்புக் கடையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, கடைசியில் என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டிருக்கிறது.

எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, இந்த வருஷம் தெப்போத்ஸவம் நம்ம தெருவிலேயா?" என்றார். "பெருமாளைக் கேட்டுச் சொல்றேன் மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று சோற்றில் உப்பு போடவில்லை. அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவரோடு சண்டை போடுவதில் உள்ள பெரிய கஷ்டமே இதுதான்.

வீட்டுக்காரர் டீசல் எஞ்சின் மெக்கானிக். திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர் பக்கம் வயலில் பம்ப்செட் நின்றுபோனால் இவருக்குத்தான் போன் வரும். இப்போது எல்லோரும் கரண்டு மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். வாரத்தில் நான்கு நாள் வீட்டில்தான் இருப்பார். மேலணைப் பக்கம் படகுச் சவாரி நடத்தும் குத்தகைக்காரர் ஒருவர், "படகை ஓடுற மாதிரி பண்ணுங்க. ஆபீசர் பார்த்து சரின்னு எழுதிக் குடுத்துட்டா நீங்களே ஓட்டலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், மனிதர் குழந்தையாகிவிட்டார். ஆனி, ஆடியில் தண்ணீர் வருவதற்குள் தயாராக வேண்டும் என்று காலண்டரில் கோடு வேறு போட்டு வைத்தார்.

இரண்டாம் நாள் காலையில், படகின் அடியைச் சுத்தியலால் தட்டித் தட்டித் துரு பார்த்துக்கொண்டே, "எஞ்சினை நான் பாத்துக்குவேன். வயரிங் மட்டும் நீ பாக்குறியா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. நான் "முடியாது" என்றேன். ஏன் முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

அதை இங்கே சொல்லிவிட வேண்டும். துவாக்குடிப் பக்கம் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். மில்லுக்கும் ஆலைக்கும் போகிற ஆள் உயர இரும்பு அலமாரிகளை அங்கே செய்வோம். உள்ளே ஸ்விட்சும் ரிலேயும் கொத்துக் கொத்தாக வயரும் இருக்கும். வயர் போடுவது முழுக்கப் பெண்கள். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே நம்பர் போட்ட குட்டி வளையத்தை மாட்டி, அந்தந்த ஸ்குரூவில் முறுக்கி, தலை வாரிப் பின்னியதைப் போல ஒழுங்காகக் கட்டுவோம். என் கட்டைப் பார்த்தாலே இது இன்னார் வேலை என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

அலமாரி முடிந்ததும் பெல் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர், இரண்டு நீள வயர், அவ்வளவுதான் அந்தப் பெல். அலமாரிக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. டெஸ்ட் பண்ணுகிறவள் ஒரு நம்பரைச் சத்தமாகச் சொல்லி அந்த முனையைத் தொடுவாள். மற்றவள் தன் பக்கத்தில் அதே நம்பரைத் தேடித் தொடுவாள். வயர் சரியாக இருந்தால் பஸ்ஸர் கத்தும். "பேசுது" என்போம். கத்தாவிட்டால் "பேசல." பேசினால் பேப்பரில் ஒரு டிக். இதில் மாற்ற முடியாத சட்டம் இரண்டு. வயர் போட்டவள் தன் வேலையைத் தானே டெஸ்ட் பண்ணக்கூடாது. டெஸ்ட் பண்ணி டிக் போட்டவள்தான் முதல் தடவை மெயின் ஸ்விட்சைப் போட வேண்டும்.

என் வேலையை டெஸ்ட் பண்ணுகிற ஜோடி, டவுனில் பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்து வருகிற பெண். என்னைவிட ஐந்து வயது சின்னவள். வீட்டுக்காரர் துபாயில். மாமியாரும் இவளும் மட்டும் வீட்டில். ஒன்பது வருடம் ஒரே அலமாரிக்கு முன்னும் பின்னுமாக நின்று நம்பர் கத்திக் கத்தி, எங்கள் இருவர் குரலும் ஒன்றைப் போலவே ஆகிவிட்டது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். என் டப்பாவைத் திறந்து ரசம் சாதத்தைப் பார்த்தால், "மறுபடியுமா அக்கா?" என்று தன் டப்பாவிலிருந்து பாதியை என் பக்கம் தள்ளுவாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கத்திரி வெயில். அவள் நோன்பு வைத்திருந்தாள். ஷெட்டுக்குள் தகரக் கூரையின் அனல். அன்று மாலைக்குள் ஒரு அலமாரி போயாக வேண்டும். அதில் எண்பத்தாறு வயர். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாத வாயால் எண்பத்தாறு நம்பரைக் கத்த வைக்க எனக்கு மனசு வரவில்லை. உதடு வெடித்துப் போயிருந்தது அவளுக்கு. "நீ கத்த வேண்டாம், உக்காரு. நான் ரெண்டு முனையும் பாத்துட்டேன், டிக் மட்டும் போடு" என்றேன். பார்த்தேன் என்றால் கண்ணால் பார்த்தேன். பெல் அடித்துப் பார்க்கவில்லை. அவள் டிக் போட்டாள். சட்டப்படி அவள்தான் மெயினைப் போட வேண்டும். போய்ப் போட்டாள்.

ஒரே ஒரு வயரை ஒரு ஸ்குரூ தள்ளி முறுக்கியிருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் வெள்ளையாக ஒரு வெளிச்சம், வெடிச் சத்தம், பிறகு அவள் அலறல். வலது கை வெந்துவிட்டது.

தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள் அந்த வராந்தா பெஞ்சிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்துவிட்டார். லிஃப்டிலிருந்து அவர் பெட்டியோடு வெளியே வருவதைப் பார்த்ததும், நான் எழுந்து பக்கத்துப் படிக்கட்டில் இறங்கி வெளியே வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவர் முகத்துக்கு முன்னால் நின்று பதில் சொல்லும் தைரியம் இல்லை. அடுத்த வாரம் வேலையை விட்டேன். அதன் பிறகு அவளைப் போய்ப் பார்க்கவில்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அவள் வீடு. ஏழு வருடம் அந்தப் பாலத்தை எத்தனையோ தடவை தாண்டியும், அந்தச் சந்துக்கு மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பியூஸ் போனால்கூட என் வீட்டுக்காரர்தான் போடுவார். நான் ஸ்குரூ டிரைவரைத் தொடமாட்டேன்.

அதனால்தான் முடியாது என்றேன். என் கை போட்ட வயரை நம்பி இன்னொரு மனுஷனை ஏறி உட்காரச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கடைசியில் என்னை வேலைக்கு இழுத்தது என் கோபம்தான். நான் மாட்டேன் என்றதும் அவர் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். நல்ல மனிதர். வந்ததும் பழைய வயர்களை அப்படியே விட்டுவிட்டு, ஒரு புது விளக்கை மாட்டி, அதற்கு ஒரே ஒரு வயரை இழுத்து, இன்னொரு முனையைப் படகின் இரும்பு உடம்பிலேயே ஸ்குரூ போட்டு முடுக்க ஆரம்பித்தார். ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் அப்படித்தான் செய்வது. கரண்டு திரும்பிப் போக வண்டியின் உடம்பே வயர். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

"அண்ணே, இது தண்ணியில நிக்கப் போற இரும்பு. இது வழியா கரண்டு போனா, கொஞ்சம் கொஞ்சமா இரும்பைத் தின்னுடும். ஓட்டை விழும்."

"எல்லா வண்டிக்கும் இப்படித்தாம்மா போடுறோம்."

"வண்டி ஓட்டையானா நிக்கும். இது முழுகும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்களே போட்டுக்கங்களேன்" என்று பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே பரணில் இருந்த என் பழைய டூல்ஸ் பையை இறக்கி, துடைத்து, வாசலில் வைத்திருந்தார். நன்றி என்று வாயால் சொல்லும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. ஆனால் அந்தப் பையின் ஜிப்புக்கு அவர் எண்ணெய்கூட விட்டிருந்தார். அதை நான் கவனிக்காமல் இல்லை.

பழைய வயரைப் பிடுங்கவே மூன்று வாரம் ஆனது. எத்தனை பேர் கை வைத்திருந்தார்களோ! டெலிபோன் வயர், காலிங் பெல் வயர், கல்யாண சீரியல் செட் வயர், எல்லாம் ஒன்றோடு ஒன்று முறுக்கி, பிளாஸ்டர் சுற்றி வைத்திருந்தார்கள். இழுத்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. முன்விளக்குக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது அதைப் போட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட உடம்பு லேசானது. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த இடங்களுக்குத் தகடு வெட்டி வெல்டிங் வைத்து, செம்மண் நிற பிரைமர் அடித்து, தலைமுடி வரை சிவப்பாகி நின்றார். எதிர்வீட்டு மாமி தினமும் இரண்டு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார். மறக்காமல் ஒரு கிண்டலையும் சேர்த்துத்தான்.

புது வயரிங்கை நான் பேனல் போலவே செய்தேன். படகு வயரிங் பற்றி எனக்கு என்ன தெரியும்? மலையாளத்தில் பேசும் ஒரு படகுக்காரரின் வீடியோக்களைப் போனில் பார்த்து, பாதி புரிந்து, பாதி ஊகித்து, ஒரு நோட்டில் படம் வரைந்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர். முன்னால் பச்சை, சிவப்பு விளக்கு, பின்னால் வெள்ளை, அறைக்குள் இரண்டு, ஹாரன், எஞ்சின் ஸ்டார்ட்டர், அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் சின்ன பம்ப். மொத்தம் நாற்பத்து மூன்று வயர். நாற்பத்து மூன்றுக்கும் நம்பர் வளையம். கட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பழைய தலைக்கனம் மெல்ல எட்டிப் பார்த்தது.

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் படகுக்குள் உட்கார்ந்து, மெயின் ஸ்விட்சையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பேட்டரி மாட்டவில்லை.

"மெயினை ஆஃப் பண்ணினா எல்லாம் நின்னுடுமா?"

"எல்லாம் நிக்கும். அதுக்குத்தானே மெயின்."

"பம்பும் நிக்குமா?"

"ஏங்க, எல்லாம்னா எல்லாம்தான்."

பம்பின் தலையை விரலால் தட்டினார். பிறகு மெதுவாக, "இல்ல, மெயினை ஆஃப் பண்ணி கட்டிப்போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். மழை பெஞ்சு உள்ள தண்ணி ஏறினா யார் இறைப்பா?" என்று கேட்டார்.

சுள்ளென்று வந்தது எனக்கு. "அப்ப நீங்களே போட்டிருக்க வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் சொல்வது அத்தனையும் சரி. ஆள் இல்லாதபோது படகைக் காப்பாற்ற இருப்பதே அந்தப் பம்ப். அது பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். பேனலில் மெயினை அணைத்தால் உள்ளே ஒன்றிலும் உயிர் இருக்கக்கூடாது; பதினெட்டு வருடம் அப்படியே போட்டுப் பழகிய கை, யோசிக்காமல் இங்கேயும் அப்படியே போட்டுவிட்டது. அந்த மலையாளத்துக்காரர்கூட இதைச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டிருந்தேன்.

பயந்துவிட்டேன். நோட்டைப் பத்து தடவை புரட்டியிருப்பேன், ஒரு தடவைகூட என் கண்ணில் இது படவில்லை. போட்டவள் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது என்பதற்குத்தானே அந்தச் சட்டமே இருக்கிறது? பம்பை மாற்றிப் போட்டுவிட்டேன். ஆனால் மற்ற நாற்பத்திரண்டை யார் பார்ப்பது? வீட்டுக்காரருக்கு இந்தப் பெல் விஷயம் பழக்கமில்லை. மேலும் நான் என்ன போட்டாலும் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர், டெஸ்ட் பண்ண லாயக்கில்லாதவர். இரண்டு நாள் யோசித்தேன். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரே ஆளிடம்தான் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். காவிரியில் அங்கங்கே மணல் திட்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தேன். அவளுக்கு வேலை போயிருக்கும், கை முடங்கியிருக்கும், மாமியார் கதவைச் சாத்துவார், அவள் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று மனசுக்குள் எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவள் அவள்தான். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். என்னைப் பார்த்ததும் விலகி வழிவிட்டாள். பிறகு, "உள்ள வாங்கக்கா. வெயில்ல நிக்கிறீங்க" என்றாள். அவள் மாமியார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் வலது கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புறங்கைத் தோல் சுருங்கி மினுமினுத்தது. கடைசி இரண்டு விரல் நிமிரவில்லை.

"உனக்கு வேலை..." என்று இழுத்தேன்.

"அதே கம்பெனிதான். அஞ்சாம் மாசமே திரும்பப் போயிட்டேன். இப்ப டெஸ்டிங் முழுக்க நான்தான் பாக்குறேன்."

அவள் வாழ்க்கையையே நாசமாக்கிவிட்டேன் என்று ஏழு வருடம் ஸ்குரூ டிரைவரைத் தொடாமல் விரதம் காத்தவள் நான். அவளோ நிமிராத இரண்டு விரலோடு தினமும் அதே ஷெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. தயாரித்து வைத்த பதில் ஒன்றுக்கும் வேலையில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன். படகு, நாற்பத்து மூன்று வயர், பம்பில் நான் செய்த தப்பு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெல் அடிச்சுப் பாக்க ஆள் வேணும். எனக்கு வேற யாரையும் தெரியாது" என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள். அவ்வளவுதான். வேறு எதையும் அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவள் வீட்டில் எனக்கு மட்டும் டீ கொடுத்தாள், அவள் குடிக்கவில்லை. நோன்பு ஆரம்பித்திருந்தது.

உடனே போன் போட்டேன். "பெருநாள் முடிஞ்சு வாயேன். அவசரமில்லை" என்றேன். "அவசரம் எனக்குத்தான்கா" என்று வைத்துவிட்டாள்.

படகு ஓடியதா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடியது. ஆனியில் லாரியில் ஏற்றி மேலணைக்குக் கொண்டுபோனோம். ஆபீசர் வந்து, நம்பர் வளையங்களைப் பார்த்துவிட்டு யார் போட்டது என்று விசாரித்து, சரி என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் இப்போது சனி, ஞாயிறுகளில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கிறார். அவர் தலைக்கனத்தைப் பற்றித் தனியாக எழுதலாம். ஆனால் எனக்கு அந்தப் படகு என்றால் அது ஓடிய நாள் நினைவுக்கு வருவதில்லை. காலிமனையில் கட்டைகளின் மேல் அது நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மத்தியானம் மூன்று மணிக்கு வந்தாள். பையிலிருந்து தன் சொந்த பெல்லை எடுத்தாள். ஸ்டியரிங் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, என் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான் டார்ச்சோடு படகின் பின்பக்கம் தவழ்ந்து போனேன். உள்ளே அனல். "இன்னிக்கு நம்பரை நான் சொல்றேன். நீ தொடு போதும்" என்று கத்தினேன்.

"டெஸ்ட் பண்றது யாரு?"

"நீதான்."

"அப்ப நான்தான் சொல்லணும். ஒண்ணு!"

பஸ்ஸர் கத்தியது. "பேசுது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க. ரெண்டு!" என்றாள்.

இருபதுக்கு மேல் அவள் குரல் கம்மியது. நடுவில் எச்சில் விழுங்க நிறுத்துவாள், பிறகு அடுத்த நம்பர். இருபத்தெட்டில், "மீதி எல்லாம் ஒரே மாதிரிதான். போதும்" என்றேன். "இருபத்தொன்பது!" என்றுதான் வந்தது.

முப்பத்தொன்று பேசவில்லை. பின்பக்க வெள்ளை விளக்கு. முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. மறுபடி தொட்டேன், பேசவில்லை. வெட்டி எடுத்து அவளிடம் கொண்டுபோனேன். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். "ரப்பர் மேல வச்சு நசுக்கியிருக்கீங்கக்கா" என்றாள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைச் சீவிவிட்டு செம்பின் மேல் நசுக்க வேண்டிய குட்டிப் பித்தளை முனையை, உறையின் மேலேயே நசுக்கியிருந்தேன். வெளியே பார்த்தால் குறையே தெரியாது. உள்ளே செம்பு எதையும் தொடவில்லை. பின்னால் வருகிற படகுக்கு நாங்கள் இருப்பதே தெரியாமல் போயிருக்கும்.

சரி செய்தேன். முப்பத்தொன்று பேசியது. பிறகு நாற்பத்து மூன்று வரை எல்லாம் பேசின. அவள் கடைசி டிக்கைப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எண்பத்தாறு டிக் போட்டது யாருக்கா?"

"நான் சொல்லித்தானே போட்டே."

"சொன்னது நீங்க. போட்டது நான். வாய் வறண்டு போச்சு, அது நெசம்தான். ஆனா கம்பெனி வேனை விட்டுடக்கூடாதேன்னும் இருந்துச்சு. நீங்க பெல் அடிக்கலன்னு எனக்குத் தெரியும். சத்தமே கேக்கலையே. நோன்பைச் சாக்கா வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். ஆஸ்பத்திரியில எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் உங்களைத் திட்டினப்ப நான் வாயைத் தொறக்கல. இன்னிவரைக்கும் தொறக்கல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்களைத் தேடி வருவேன்?"

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு வருடம்! "அடிப்பாவி, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். "நீங்க போட்டிருக்கக் கூடாதா?" என்று அவளும் கத்தினாள். கத்திய கத்தில் எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்துவிட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் அழுகை வந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டபோது, நெஞ்சில் ஏழு வருடமாக இருந்த பாரத்தில் பாதியை அவள் வாங்கிக்கொண்டதை உணர்ந்தேன். அவள் பாரத்தில் பாதியை நானும் வாங்கிக்கொண்டிருப்பேன் என்று நம்புகிறேன்.

வெயில் இறங்கியிருந்தது. பேட்டரியை மாட்டினேன். மெயின் ஸ்விட்சின் மேல் நான்தான் முதலில் கையை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட்தான், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனாலும் என் கை அங்கே இருக்கட்டும் என்று தோன்றியது. அவள் என் கையை எடுத்துவிட்டாள். "டெஸ்ட் பண்ணினவதான் போடணும்" என்றாள். அந்தச் சுருங்கிய வலது கையால், கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்த்துத் திருகிப் போட்டாள். நான் கண்ணை மூடவில்லை. அறைக்குள் இரண்டு விளக்கும் எரிந்தன. முன்னால் பச்சையும் சிவப்பும் எரிந்தன. இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்தேன், வெள்ளையும் எரிந்தது.

வீட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். யாரும் சொல்லாமலே டவுனுக்குப் போய், பள்ளிவாசலில் வரிசையில் நின்று, தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்திருந்தார். விளக்கு எரிவதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார். நாங்கள் மூவரும் படகின் பெஞ்சில் எதிரெதிராக உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் போனில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. உதடு அசைய ஏதோ சொல்லி, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். வாங்கி மடக்கு மடக்காகக் குடித்தாள்.

காலி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு என் உதட்டைப் பாத்துத்தானே கத்த வேண்டாம்னு சொன்னீங்க. கை வெந்ததெல்லாம் எப்பவோ மறந்து போச்சு. என் வாய் காஞ்சிருக்குன்னு அந்த ஷெட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சுதே, அதை மட்டும் நான் மறக்கலக்கா."

நான் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன்.